மேடைக்கு மட்டும் ஒரு சக்கர நாற்காலி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அதற்குப் பிறகு பிளவுஸ் அளவைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். ஆள் எதிரில் நின்றால் எனக்குப் பேச வராது. ரேஷன் கடையில்கூட எனக்குப் பின்னால் நிற்பவர்தான் எனக்காகவும் சேர்த்துக் குரல் கொடுப்பார். அப்படிப்பட்டவள் வாரா வாரம் பத்திரிகையில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

அதற்கான தண்டனையும் கிடைத்துவிட்டது. போன வாரம் எங்கள் தெருக் குழாயடியைப் பற்றி எழுதினேன். மறுநாளே எதிர்வீட்டு அம்மாள் வந்து, தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸைத் திருப்பிக் கேட்டார். ஒரு பக்கக் கை மட்டும்தான் தைத்திருந்தேன். அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வாரம் எழுதுவதைப் படித்துவிட்டு இன்னும் சிலர் வருவார்கள். அதனால் கையில் இருந்த துணிகளை எல்லாம் அவசரமாகத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"அண்ணே, போட்டோ முடிஞ்சிருச்சு. கொஞ்சம் எந்திரிங்க."

எங்கள் சேவைக் குழுவின் செயலாளர் பாஸ்கர், மேடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அருளப்பனிடம் இப்படித்தான் சொன்னார். அதிகாரமாகச் சொல்லவில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் நகரச் சொல்வது போலச் சொன்னார்.

அருளப்பன் கொத்தனாராக இருந்தவர். சாரத்தில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்குச் சக்கர நாற்காலி கொடுக்கத்தான் அந்த விழாவே.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன் தம்பி இங்க வரேன்?"

பாஸ்கர் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து ரசம் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் மேடையின் ஓரத்தில், பொன்னாடை வைத்த வெள்ளித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டு பிடிப்பதுதான் அந்தக் குழுவில் என் வேலை.

தட்டு பிடிக்க வந்த கதை

நான் சமூக சேவைக்கு வந்ததற்கு இரக்கம் காரணமில்லை. வேண்டாம் என்று சொல்ல வராததுதான் காரணம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சௌந்தரராஜன் சார் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. "குழந்தே, பெருமாள் கைங்கர்யம்னு நெனைச்சுக்கோ. மஞ்சப்பை கொஞ்சம் தைச்சுத் தரணும்" என்றார். எனக்கு அப்போதே தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. குழந்தே என்று கூப்பிட்டதில் நானும் சரி என்றுவிட்டேன். பை தைத்துக் கொடுத்தேன். கூலி கேட்கவில்லை. அதனால் என்னை உறுப்பினராக்கிவிட்டார்கள். கூலி கேட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

குழுவின் பெயர் இருநதி நேசக்கரங்கள். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நாங்கள் நேசத்தோடு இருக்கிறோம் என்று அர்த்தம். சௌந்தரராஜன் சார் தலைவர். பாஸ்கர் செயலாளர். பாஸ்கருக்குத் தொழில் பேனர் அடிப்பது. இது முக்கியமான தகவல். மற்ற குழுக்களில் யாருக்கு என்ன உதவி என்று முடிவு செய்துவிட்டுப் பேனர் அடிப்பார்கள். எங்கள் குழுவில் பேனர் முதலில் வந்துவிடும். அதற்குப் பொருத்தமான ஏழையைப் பிறகு தேடுவோம்.

பேனரில் தலைவர் படம் இடுப்பு வரை இருக்கும். செயலாளர் படம் மார்பு வரை. மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் வட்டத்துக்குள் தலை மட்டும். என் தலை கடைசி வட்டம். பேனரைக் கட்டும்போது கயிறு சரியாக அந்த இடத்தில்தான் ஓட்டை போட்டுப் போகும்.

போர்வையும் எலுமிச்சைச் சாதமும்

தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் யாரும் திருடர்கள் இல்லை. வந்ததெல்லாம் செலவாகத்தான் செய்தது. பேனருக்கும், மண்டபத்துக்கும், மாலைக்கும், விருந்தினர் சாப்பாட்டுக்கும் போனது போக மீதி முழுவதும் ஏழைகளுக்குத்தான்.

ஒரு மார்கழியில் போர்வை கொடுக்கப் போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம், கடை வாசல்களில் படுத்திருப்பவர்களுக்கு. ஒருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பாஸ்கர் அவரை உலுக்கி எழுப்பினார்.

"பெரியவரே, எந்திரிங்க, போர்வை குடுக்கறோம்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார். போர்வையைப் போர்த்தினார்கள். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை போர்த்தினார்கள். "சிரிங்க" என்றார் பாஸ்கர். பெரியவர், "தூங்கவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க சாமி" என்றார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, கரையோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள் ஒரு மழைக்காலத்தில். ஊரில் இருக்கிற குழுக்கள் எல்லாம் அங்கே ஓடின. எல்லோரும் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனார்கள். மஞ்சள் நிறம் போட்டோவில் நன்றாக விழும். நாங்கள் போனபோது அங்கே ஏற்கெனவே அண்டா அண்டாவாக எலுமிச்சைச் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, சோறு போதும். ஒரு நைட்டி கிடைக்குமா? வந்ததுல இருந்து இதே ஈரப் புடவைதான்" என்றாள்.

நான் அதைப் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு, "நைட்டி குடுக்கறதை எப்படிக்கா போட்டோ எடுக்கறது?" என்றார்.

நான் வீட்டில் கிடந்த துணியில் முடிந்தவரை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அது குழுவின் சேவையில் சேராது. போட்டோ இல்லை.

பொன்னாடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பொன்னாடை. விருந்தினருக்குப் போர்த்துவோம். அவர் அதை மடித்து நாற்காலிக் கையில் போடுவார். நான் தட்டோடு போய் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்து வைப்பேன். ஊரில் பாதிப் பெரிய மனிதர்களின் கழுத்து வேர்வை அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

அதே மாதிரிதான் சக்கர நாற்காலியும்.

யாரோ ஒரு நல்ல மனிதர், அவர் அம்மா நினைவாக வாங்கிக் கொடுத்த நாற்காலி அது. உசத்தியானது. உட்கார்ந்தவரே கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகலாம். கம்பெனியில் இருந்து வரும்போது சீட்டுக்கும் கைப்பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு வந்தது. மேடையில் வைத்ததும் அது விளக்கு வெளிச்சத்தில் மின்னிய மின்னலில் பாஸ்கர் மயங்கிப்போனார். அதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு முறை ஏற்பட்டது. மேடையில் கொடுப்பது இந்த நாற்காலி. வீட்டுக்குப் போவது வேறு நாற்காலி. அது "அடுத்த லாட்டில்" வரும். சிலருக்கு வந்தது. ஒருவருக்கு வந்ததில் ஒரு சக்கரம் வடக்கே பார்த்தால் இன்னொன்று கிழக்கே பார்க்கும். மற்றவர்களுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏனென்றால் மேடைக்கு வருவது எப்போதும் வீட்டு மனிதர்கள்தான். மகனோ மருமகளோ வந்து, நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நாற்காலி தேவைப்படுகிறவர் வர மாட்டார். வர முடியாததால்தானே அவருக்கு நாற்காலி.

விழா முடிந்ததும் பாஸ்கர், "அக்கா, சேரைத் தள்ளிட்டுப் போயிடுங்க" என்பார். என் வீடு தரைத்தளம், படி இல்லை. அதனால் அது என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் தடவை வீட்டுக்கு வரும் உறவினர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு?" என்பார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "யாருக்கும் இல்ல" என்பார்.

அதன் மேல் துணி வைக்கக்கூடாது. குழந்தைகள் ஏறக்கூடாது. முக்கியமாக உறை கிழியக்கூடாது. "பிரிச்சா பழசாயிடும்கா. பழசை யாரு மேடையில குடுப்பா?" என்பது பாஸ்கர் வாக்கு. ஒரு மத்தியானம் தெருப் பூனை ஒன்று அதில் ஏறிப் படுத்தது. படுத்த வேகத்தில் அப்படியே வழுக்கித் தரையில் விழுந்தது. பிறகு அதுவும் ஏறுவதில்லை.

செல்வமேரி கேட்டது

செல்வமேரி திருவானைக்காவலில் இட்லிக் கடை போட்டிருப்பவள். அருளப்பனின் மனைவி. மகள் ரீட்டாவின் கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்க என்னிடம் வந்தாள். ரீட்டா டேப்புக்குள் கையைத் தூக்கி நிற்க, செல்வமேரி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உருளுமா அக்கா?"

"உருளும்."

"பின்ன ஏன் நிக்குது?"

நான் டேப்பில் அளவைப் பார்த்தேன். அவளே பேசினாள்.

"நிச்சயதார்த்தத்துக்கு என் தம்பிங்க ரெண்டு பேரும் இவரை அக்குள்ல கை குடுத்துத் தூக்கிட்டு வந்தானுங்க. பாதி வழியில கைலி அவுந்துருச்சுக்கா. சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் நிக்கறாங்க. இவரால புடிச்சுக்கவும் முடியல, கை ரெண்டும் அவனுங்க தோள்ல. அன்னைக்கு சொன்னாரு, இனிமே என்னைத் தூக்கறதுன்னா பொணமாத்தான் தூக்கணும்னு. இப்பக் கல்யாணத்துக்கே வர மாட்டேங்கறாரு."

ரீட்டா கையை இறக்கிவிட்டாள். "அப்பா வரலைன்னா கோயில் வாசல்ல இருந்து நான் யார் கூட உள்ள போறது? மாமாவைக் கூட்டிட்டுப் போன்னு எல்லாரும் சொல்றாங்க. மாமாதானே கைலியை விட்டாரு" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை.

"உருண்டு வரதுன்னா வருவீங்களான்னு இவர்கிட்ட ஒரு நாள் கேட்டேன்," என்றாள் செல்வமேரி. "ரொம்ப நேரம் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், 'உருண்டா வரேன்'னாரு."

அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போனேன். குழுவில் நானாக ஒருவருக்குச் சிபாரிசு செய்தது அதுதான் முதல் தடவை.

"பேஷா குடுத்துடலாமே," என்றார் தலைவர். "கிறிஸ்தவாளா? ரொம்ப விசேஷம். மத நல்லிணக்கம்னு தலைப்பே வெச்சுடலாம். பாஸ்கர், கேட்டேளோ?"

அங்கேயே உட்கார்ந்திருந்த பாஸ்கர் கேட்டுவிட்டார். என் வாக்கியம் முடிவதற்குள் அவர் மனதில் பேனர் முடிந்துவிட்டது.

"கல்யாணத்துக்குள்ள அவங்க கையில கிடைச்சுடுமா தம்பி?" என்றேன்.

"பாத்துக்கலாம்கா."

பாத்துக்கலாம் என்பதுதான் எங்கள் குழு ஊருக்கு அதிகம் செய்த சேவை.

அமெரிக்காவில் இருந்து ஒருவர்

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில். கல்யாணம் திங்கட்கிழமை காலை, பாலக்கரைப் பக்கம் மாதா கோயிலில். செல்வமேரி கல்யாண வேலையை எல்லாம் போட்டுவிட்டு வரத் தயாராக இருந்தாள். வழக்கம் போல அவள் மட்டும் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சிறப்பு விருந்தினர்தான் கெடுத்தார்.

அவர் ஸ்ரீரங்கத்தில் பிறந்து அமெரிக்காவில் இருப்பவர். வெள்ளந்தி மனிதர். "பயனாளியை நான் நேர்ல பாக்கணும். அவரை சேர்ல உக்கார வெச்சுக் குடுக்கணும். எங்கம்மாவுக்கு வீடியோவுல காட்டணும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் குழுவின் சரித்திரத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்ட ஒருவர் மேடைக்கு வந்தது அன்றுதான்.

அருளப்பன் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, அதன் மேல் அகலமான பெல்ட், பெல்ட்டுக்கு மேல் செல்வமேரி குத்திவிட்ட ஊக்கு. மேடைக்குப் படிகள்தான் இருந்தன. தொண்டர்கள் இருவர் அக்குளில் கை கொடுத்தார்கள். அவர் செல்வமேரியைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு தடவைதான். அப்புறம் யாரும் தூக்க வேணாம்" என்றாள் அவள்.

கண்ணை மூடிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போனார்கள்.

விருந்தினர் தாமதம். தலைவர் அந்த நேரத்தை மைக்கில் நிரப்பினார். "நடக்க முடியாதவாளுக்கு நாம காலா இருக்கணும். இது அடியேன் சொல்றதில்லே, பெருமாள் சொல்ல வெக்கறார்." பெருமாள் நிறைய நேரம் சொல்ல வைத்தார். அதுவரை அருளப்பன் நாற்காலியில் இருந்து வழுக்கி வழுக்கி முன்னால் வந்துகொண்டே இருந்தார். பூனை விழுந்த அதே உறை. கால் ஊன்ற முடியாத மனிதர் கைகளால் உடம்பைத் தூக்கித் தூக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் மொறமொறவென்று மைக்கில் கேட்டது.

விருந்தினர் வந்தார். பொன்னாடை ஏறியது, இறங்கியது. நாற்காலியின் பிடியைத் தொட்டுக் கொடுத்தார். கைதட்டினோம். அதோடு விட்டாரா?

"அங்கிள், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார். அங்கிளைவிட அவருக்கு வயது அதிகம் இருக்கும்.

அருளப்பன் சக்கரத்தைப் பிடித்தார். கொத்துக் கரண்டி பிடித்துக் காய்த்த கை. ஒரு தள்ளு. நாற்காலி நகர்ந்தது. அவரே திடுக்கிட்டது போலத் தெரிந்தது. இன்னொரு தள்ளு. மேடையை ஒரு சுற்று சுற்றினார். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல். சுற்றி முடித்து நிற்காமல் இன்னொரு சுற்றும் போனார். செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரை நிமிஷம் எங்கள் குழு நிஜமான குழு மாதிரி இருந்தது.

பிறகு விருந்தினரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்கள். மேடை விளக்கில் பாதியை அணைத்தார்கள். பாஸ்கர் வந்தார்.

"அண்ணே, போட்டோ முடிஞ்சிருச்சு. கொஞ்சம் எந்திரிங்க."

கொடுத்தது நிகழ்ச்சி

எந்திரிக்க முடிந்தால் ஏன் வருகிறேன் என்று அருளப்பன் கேட்டதும் பாஸ்கர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொன்னேன் அல்லவா? பிறகு சமாளித்துக்கொண்டார்.

"அதில்லண்ணே. இது மேடை சேரு. உங்களுது அடுத்த லாட்ல வரும்."

செல்வமேரி படியேறி வந்துவிட்டாள். "அடுத்த லாட்னா எப்ப தம்பி?"

"அடுத்த மாசம் போல வந்துரும்."

"நாளைக்குக் காலையில கல்யாணம். மாப்பிள்ளையை அடுத்த மாசம் வரைக்கும் கோயில் வாசல்லயே நிக்கச் சொல்லட்டா?"

தலைவரும் வந்தார். "ஏம்மா, ஆத்திரப்படப்படாது. எதுக்கும் ஒரு முறை இருக்கோன்னோ? அடுத்த ஞாயித்துக்கிழமை இதே சேரை முசிறியில குடுக்கறதா பேனர் அடிச்சாச்சு."

"அப்ப பேனரை உக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போங்க சார்."

"பேச்சைப் பாரேன்," என்றார் தலைவர் என்னிடம். நான் தட்டைப் பார்த்தேன்.

"இப்ப குடுத்தீங்களே, கை தட்டினாங்களே, அது என்ன சார்?" என்றாள் செல்வமேரி.

"அது நிகழ்ச்சிம்மா," என்றார் பாஸ்கர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான்.

அவர் கண் காட்ட, தொண்டர்கள் இருவரும் மறுபடி அக்குளுக்குக் கை நீட்டினார்கள். அருளப்பன் இரண்டு சக்கரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"தூக்காதீங்க. தூக்கணும்னா சேரோட தூக்குங்க."

அந்த நேரம் பார்த்து விருந்தினர் கை கழுவ வந்தார். குழாய் மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "எங்க, இன்னும் அங்கிள் சேரை விட மாட்டேங்கறாரா? ரொம்பப் புடிச்சுப் போச்சா?" என்று சிரித்தார். பாஸ்கரும் சிரித்தார். தலைவரும் சிரித்தார். வேறு வழியில்லாமல் தொண்டர்கள் அருளப்பனை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிச் சிரித்துக்கொண்டே கீழே இறக்கினார்கள்.

விருந்தினர் கிளம்புகிறார், வழியனுப்ப வேண்டும். பாஸ்கர் ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம் திரும்பி, "அக்கா, இவரை ஆட்டோவுல ஏத்த ஏற்பாடு பண்றேன். நீங்க சேரை வழக்கம் போலத் தள்ளிட்டுப் போயிடுங்க" என்றார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. சொன்னதைச் செய்துதான் பழக்கம். சேரைத் தள்ளிட்டுப் போகச் சொன்னார். தள்ளினேன். அதில் ஆள் இருந்தார்.

காந்தி ரோட்டில்

வாசலைத் தாண்டும்போது அருளப்பன், "எங்கம்மா போறோம்?" என்றார்.

"தெரியலண்ணே" என்றேன். உண்மை அதுதான். என் கால் நேராகப் போனது.

அம்மா மண்டபத்தில் இருந்து குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்தவர்கள் வழிவிட்டார்கள். ராஜகோபுரத்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. என் தெருவுக்குத் திரும்பும் முனை வந்தது. நான் திரும்பவில்லை. செல்வமேரி ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். புதுச் செருப்பு, கடித்ததாம்.

ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அருளப்பன் வழுக்கி முன்னால் வந்தார். ஒரு வேகத்தடையில் பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. செல்வமேரி பாய்ந்து பிடித்தாள்.

"என்னக்கா இது, எண்ணெய் தடவினாப்பல? ஏதாச்சும் கட்டணும்."

கிளம்பும்போது தட்டை வைத்துவிட்டு, தேய்ப்பதற்காக என் தோள் பையில் போட்டிருந்த பொன்னாடை ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவரை நாற்காலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். எத்தனையோ தோள்களைப் பார்த்த பொன்னாடை, முதல் தடவையாக ஒருவரை விழாமல் பிடித்துக்கொண்டது.

காந்தி ரோட்டில் ஒரு டீக்கடை அருகே பாஸ்கரின் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தது.

"அக்கா! உங்க வீடு அந்தப் பக்கம்!"

நான் தள்ளினேன்.

"அக்கா, உங்களைத்தான்!"

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னாடை கட்டிய மனிதர், புது நாற்காலி, பின்னால் ஸ்கூட்டரில் செயலாளர். ஒருவர், "என்ன பேனர்காரரே, சாமி புறப்பாடா?" என்றார்.

"சேவைங்க, சேவை. வீடு வரைக்கும் கொண்டுபோய் விடறோம்," என்றார் பாஸ்கர். சொன்ன வாயோடு, பழக்க தோஷத்தில் போனை எடுத்து எங்களை ஒரு போட்டோ எடுத்தார். எடுத்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவருக்கே புரிந்தது. சுற்றிலும் ஆட்கள். இனி அந்த மனிதரை இறக்க முடியாது.

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு என் காதருகில் வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள்தான். சாயந்தரம் போன் பண்ணிட்டு வந்து எடுத்துக்குவேன். பிளாஸ்டிக் மட்டும் கிழியக்கூடாதுக்கா. கிழிஞ்சுதுன்னா அவ்வளவுதான், மேடைக்கே ஆகாது."

தலையை ஆட்டினேன். எதற்கும் ஆட்டுவேன்.

அவர் போனதும் அருளப்பன், "என்னம்மா சொன்னாரு?" என்றார்.

"உறை கிழியாமப் பாத்துக்கணுமாம்."

"எது, இந்த வழுக்கற எழவையா?" என்றார். அன்று அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "கொஞ்சம் விடும்மா. இங்க ரோடு நல்லா இருக்கு. நான் ஓட்டிப் பாக்கறேன்."

கையை எடுத்தேன். திருவானைக்காவல் வரை அவரேதான் உருட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள்

மறுநாள் விடிந்ததும் கத்தரிக்கோலோடு திருவானைக்காவல் போய், நாற்காலியின் உறையை வெட்டி எடுத்தேன். சீட் நீல நிறம். என் வீட்டில் இருந்த வரைக்கும் கறுப்பு என்று நினைத்திருந்தேன். காலையில் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. அருளப்பன் வாசலில் இருந்து தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். ரீட்டா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கூட நடந்தாள். சாயங்காலம் பாஸ்கர் போன் செய்தார். "உறை கிழிஞ்சிருச்சு தம்பி" என்றேன். "அப்ப அது நமக்கு வேண்டாம்கா, அவங்களே வெச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.